வந்துருச்சுங்களா? வலசைக் காலத்துப் பேச்சு

ஆவணி பாதி கடந்துவிட்டால், கோவைப் பக்கம் பறவை பார்ப்பவர்கள் சந்தித்துக்கொள்ளும்போது நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழும்: "ஏனுங்க, வாலாட்டி வந்துருச்சுங்களா?" கேட்பது சாம்பல் வாலாட்டியைப் பற்றி. கோடையை இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கழித்துவிட்டு நம் மலையோடைகளுக்கு வரும் சிறு பறவைகளில் இது முந்திக்கொண்டு வருவது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வால்பாறைப் பாதையோரத்தில், சிறுவாணி அடிவாரத்து ஓடைக் கல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி அது நின்றால், அந்த ஆண்டின் வலசை தொடங்கிவிட்டது என்று கணக்கு.

பைனாகுலர், குறிப்பேடு, களக் கையேடு ஆகியவற்றை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இந்த அத்தியாயம் பேச்சைப் பற்றியது. டீக்கடையில், குளக்கரையில், ஞாயிறு காலை நடையில், தொலைபேசியில் நண்பர்கள் பேசிக்கொள்ளும் சாதாரணப் பேச்சு. அதற்கெல்லாம் வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். தேவை என்றே நினைக்கிறேன். புதிதாக வருபவர் நிலைப்பதும் விலகுவதும் பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான் முடிவாகிறது. இன்னொரு காரணமும் உண்டு. 2007-இல் நம் நாட்டில் 'மைக்ரன்ட்வாட்ச்' என்ற திட்டம் தொடங்கியது. நாம் ஒருவரையொருவர் கேட்கும் அதே கேள்வியைத்தான் அது நாடு முழுக்கக் கேட்டது. உங்கள் ஊருக்கு வலசைப் பறவை முதலில் என்றைக்கு வந்தது என்று ஆர்வலர்கள் எழுதி அனுப்பினார்கள். அந்தப் பதிவுகள் பின்னர் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் சேர்க்கப்பட்டன. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடித்தளம் 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிக்கும் அதிகமான குறிப்புகள். அவற்றில் பலவும் முதலில் பக்கத்தில் நின்றவரிடம் வாயால் சொல்லப்பட்டவையாகத்தான் இருக்கும். சொல்லும்போதே சரியாகச் சொல்லிப் பழகியவர் எழுதும்போதும் சரியாக எழுதுவார்.

முழுதாகச் சொல்வது

குளக்கரையில் நடக்கும் பேச்சு ஒன்று.

"அண்ணா, நேத்து கீச்சான் பாத்தனுங்க."

"எங்கீங்க?"

"கிருஷ்ணாம்பதிப் பக்கமுங்க."

"அப்படீங்களா, நல்லதுங்க."

இருவருக்கும் மகிழ்ச்சி, பேச்சு முடிந்தது. ஆனால் என்ன கீச்சான்? நம் ஊரிலேயே ஆண்டு முழுதும் இருக்கும் கீச்சான்கள் உண்டு. சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் வரும் பழுப்புக் கீச்சான் உண்டு. எத்தனை மணிக்கு? ஒன்றா, இரண்டா? எந்தப் பக்கத்து வேலி? கேட்டவர் மறுநாள் போய்த் தேட இதில் எதுவும் கையில் இல்லை. அதே பேச்சு இப்படிப் போயிருந்தால்:

"அண்ணா, நேத்து காலையில ஏழு மணி இருக்குமுங்க, கிருஷ்ணாம்பதி மேக்காலக் கரையில வேலான் மரத்துல பழுப்புக் கீச்சான் ஒண்ணு. கண்ணுக்குக் கருப்புப் பட்டை, முதுகெல்லாம் பழுப்பு, சாம்பலே இல்லைங்க. கரகரன்னு கத்திட்டே இருந்துச்சுங்க."

இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. என்ன, எங்கே, எப்போது, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது, எதை வைத்து அடையாளம் சொன்னீர்கள் என்று ஆறும் வந்துவிட்டன. ஆறிலும் முக்கியமானது கடைசி. "பழுப்புக் கீச்சான்" என்ற பெயர் உங்கள் முடிவு. "கருப்புப் பட்டை, பழுப்பு முதுகு, சாம்பல் இல்லை" என்பது உங்கள் கண் கண்டது. முடிவு தவறாக இருந்தாலும் கண்டது நிற்கும். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அதைப் படித்துச் சரியான பெயரைச் சொல்ல முடியும்.

கரையையும் மரத்தையும் சொல்வதில் இன்னொரு பயன் இருக்கிறது. காலில் வளையமிட்டுச் செய்த ஆய்வுகளில், வலசை வரும் பறவைகள் பல முந்தைய ஆண்டு தங்கிய அதே இடத்துக்கே திரும்பி வருவது தெரிய வந்திருக்கிறது. "மேக்காலக் கரை வேலான் மரம்" என்று இந்த ஆண்டு சொல்லி வைத்தால், அடுத்த ஆண்டு செப்டம்பரில் அங்கே போய் நிற்க ஒரு காரணம் கிடைக்கிறது.

'இன்னும் வரலைங்க'

பேச்சில் நான் மிகவும் மதிப்பது இந்தச் சொற்களைத்தான். துரதிருஷ்டவசமாக இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. பறவையைப் பார்த்தவர் ஓடி வந்து சொல்வார். பார்க்காதவர் சொல்ல ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் சிங்காநல்லூர் குளத்துக்கு ஞாயிறுதோறும் போகிறார். ஒரு ஞாயிறு அங்கே நீலச்சிறகி இல்லை, அடுத்த ஞாயிறு இருக்கிறது. அது வந்தது எப்போது? நடுவிலிருந்த ஏழு நாளில் என்றைக்கு வேண்டுமானாலும் இருக்கலாம். குளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி புதன்கிழமை கரையில் நடந்துவிட்டு, "சிறகி எதுவும் இல்லைங்கண்ணா, முக்குளிப்பானும் தாழைக்கோழியும்தான்" என்று சொல்லியிருந்தால் ஏழு நாள் நான்காகச் சுருங்கிவிடும். பறவையைக் காணாத அவளுடைய அரை மணி நேர நடை, கண்டவரின் குறிப்பைத் துல்லியமாக்கிவிட்டது. ஆகவே நண்பர்களைக் கேட்கும்போது "என்ன பாத்தீங்க?" என்பதோடு நிறுத்தாமல், "போனீங்களா? எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்றும் கேளுங்கள். ஈபேர்டில் முழுப் பட்டியல் கேட்பதும் இதனால்தான். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், காக்கை மைனா உட்பட, நேரத்தோடும் நடந்த தூரத்தோடும் பதிந்தால், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிவிடுகிறது.

தண்ணீர் அளவையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். நொய்யலில் தென்மேற்குப் பருவமழை வெள்ளம் வந்து குளங்கள் தளும்பினால், சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் வைக்க இடமிருக்காது. அவை வந்திருந்தும் வேறு குளத்துக்குப் போயிருக்கும். "உள்ளான் வரலை" என்பதற்கும் "குளம் நிறைஞ்சு கெடக்கு, உள்ளானுக்கு எடமில்லை" என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இந்த நிலவரம் வாரத்துக்கு வாரம் மாறும்.

பெயர்ச் சண்டை

நட்பு முறிவதும் இறுகுவதும் இங்கேதான். வலசை தொடங்கும் காலத்தில் பறவைகள் பார்க்கக் குழப்பமாக இருக்கும். இனப்பெருக்கக் காலத்துப் பளபளப்பு பாதி உதிர்ந்த நிலையில் சில வரும். அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள் பெரியவற்றின் நிறமே இல்லாமல் வரும். வாத்துகளில் குழப்பம் இன்னும் அதிகம். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்கள் தம் பகட்டு இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையின் மங்கிய கோலத்துக்கு மாறிவிடுகின்றன. அக்டோபரில் குளத்தில் இறங்கும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்துக் கூட்டம் முழுதும் பெட்டைகளாகவே தோன்றும். "ஆணே வரலையா?" என்று புதியவர் கேட்டால் சிரிக்காதீர்கள். அது சரியான கேள்வி. இந்த இறகு மாற்றத்தை விளக்க அதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது.

இந்தப் பருவத்தில் நிறத்தை வைத்து வாதாடுவதைக் குறைத்துக்கொண்டு, வடிவத்துக்கும் நடத்தைக்கும் குரலுக்கும் போங்கள். தட்டைவாயனின் அகன்ற அலகு எந்த மாதத்திலும் மாறாது. வாலாட்டிகளில் மஞ்சள் அடிவயிற்றைப் பார்த்ததும் "மஞ்சள் வாலாட்டி" என்று சொல்லிவிடுவது வழக்கம். சாம்பல் வாலாட்டிக்கும் அடியில் மஞ்சள் உண்டு. ஆனால் அதன் வால் மிக நீளம், கால்கள் வெளிறிய நிறம், நிற்கும் இடம் ஓடும் தண்ணீர். மஞ்சள் வாலாட்டிக்குக் கால் கருப்பு, வால் குட்டை, அதற்குப் பிடித்தது புல்வெளியும் வயலும். உள்ளான்களிலும் இப்படித்தான். பொரி உள்ளானுக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னே நீளும் வெள்ளைப் புருவம், முதுகெல்லாம் புள்ளி, மஞ்சள் கலந்த கால். பச்சை உள்ளானுக்குப் புருவம் கண்ணுக்கு முன்னோடு நின்றுவிடும். முதுகு கருமை. பறந்தால் இறக்கைக்கு அடியில் இருட்டும் வாலடியில் பளிச்சென்ற வெள்ளையும் தெரியும்.

இனி சண்டையைப் பார்ப்போம். ஒருவர் "பச்சை உள்ளான் பாத்தேன்" என்கிறார். உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. "இருக்காதுங்க, அது பொரி உள்ளானாத்தான் இருக்கும்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் அடுத்த முறை உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார். "பறந்தப்ப முதுகு எப்படி இருந்துச்சுங்க? புருவம் எதுவரைக்கும் போச்சு?" என்று கேளுங்கள். அவருக்கு நினைவிருந்தால் விடை அவர் வாயிலிருந்தே வரும். நினைவில்லை என்றால் அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டார். வயதில் மூத்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். "நான் எத்தனை வருசமாப் பாக்கறேன் தெரியுமா கண்ணு" என்ற வாக்கியம் எந்தப் பறவையையும் அடையாளம் காட்டியதில்லை. இளையவர்களுக்கும் ஒன்று: செயலி ஒரு பெயரைச் சொன்னது என்பது துப்பு மட்டுமே. மெர்லின் போன்ற செயலி குரலைக் கேட்டு ஒரு பெயரைக் காட்டினால், அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்புவதற்கு அதைப் பயன்படுத்துங்கள். பட்டியலில் எழுதுவது நீங்கள் கண்டதையோ, உங்கள் காதால் உறுதியாக அறிந்ததையோ.

முடிவு எட்டவில்லை என்றால் "உள்ளான், எதுவென்று தெரியவில்லை" என்று எழுதுவதில் குறைவேதும் இல்லை. ஈபேர்டிலேயே அப்படிப் பதிய இடம் இருக்கிறது.

புகைப்படம் எடுத்திருந்தால் உடனே அதை நீட்டாதீர்கள். முதலில் சொல்லுங்கள், பிறகு காட்டுங்கள். படம் ஒரு நொடியையும் ஒரு கோணத்தையும் ஒரு வெளிச்சத்தையும்தான் பிடிக்கிறது. வெயில் விழும் விதத்தில் கால் நிறமே மாறிவிடும். பறவையை ஐந்து நிமிடம் பார்த்தவரின் வாய்மொழியில் நடை, குரல், பறந்த விதம் எல்லாம் இருக்கும்.

காதால் வருபவை

வலசைப் பேச்சில் கண்ணுக்குத் தெரிந்ததே பெரும்பாலும் இடம்பெறுகிறது. காதால் மட்டும் அறிய முடிபவை விடுபட்டுவிடுகின்றன. பிளித் நாணல் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை இனப்பெருக்கம் செய்யும் இந்தச் சிறு பழுப்புப் பறவையின் பெரும்பகுதி குளிர்காலத்தை நம் துணைக்கண்டத்தில்தான் கழிக்கிறது. செப்டம்பர், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உங்கள் தெருவின் செம்பருத்தி வேலியிலேயே ஒன்று இருக்கக்கூடும். கண்ணில் படுவது அரிது. மேலண்ணத்தில் நாக்கை ஒட்டி எடுத்தாற்போல "டக்... டக்" என்று புதருக்குள்ளிருந்து வரும் ஒலிதான் அதன் வருகைச் செய்தி. இந்த ஒலியை ஒருமுறை நண்பர் ஒருவர் காட்டிக் கொடுத்துவிட்டால் போதும், பிறகு ஊர் முழுதும் அது கேட்கும். ஆகவே நடையின்போது பேச்சை நிறுத்திவிட்டு, "இதக் கேளுங்க" என்று கையைக் காட்டுவதும் நல்ல பேச்சே. புதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். பத்துப் பறவையின் பெயரைச் சொல்வதைவிட ஒரு குரலை மனதில் பதியவைப்பது அவருக்குப் பயன்படும்.

வீட்டுக்குள் ஆறுமணிக் குருவி

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஒரு குறிப்பிட்ட தொலைபேசி அழைப்பு வரும். பறவை பார்ப்பவர் என்று உங்களை அக்கம்பக்கம் அறிந்துகொண்டால் உங்களுக்கும் வரும். "அக்கா, எங்க வீட்டு வராண்டாவுல ஏதோ கலர் கலரா ஒரு பறவைங்கக்கா. பறக்க மாட்டேங்குது." பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு, குட்டை வால் என்று விவரித்தால் அது ஆறுமணிக் குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டுத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வரும் பறவை அது. களைத்துப்போய் விடியற்காலையில் ஊருக்குள் இறங்கிவிடும். கண்ணாடிச் சன்னலில் மோதி விழுவதும் உண்டு.

இந்த அழைப்பில் நீங்கள் பேசும் முதல் இரண்டு நிமிடம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம். அமைதியாக, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பூனையையும் நாயையும் உள்ளே அடைத்துவிடச் சொல்லுங்கள். காற்று புகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து, பறவையை மெல்ல உள்ளே வைத்து மூடி, ஆள் நடமாட்டமில்லாத நிழலான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவோ சோறு ஊட்டவோ வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிள்ளைகள் கையில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். மோதிய அதிர்ச்சி மட்டும்தான் என்றால் சில மணி நேர ஓய்வில் தெளிந்துவிடும். மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் முடிந்த பிறகு தேதியையும் தெருவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறுமணிக் குருவியின் வருகைக் குறிப்புகளில் இப்படி வீடுகளிலிருந்து வருபவை அருமையானவை. அழைத்தவரிடம் மாலையில் ஒருமுறை திரும்பப் பேசி, "எப்படிங்க இருக்குது?" என்று கேட்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த அக்டோபரில் அவர் தாமாகவே உங்களைத் தேடுவார்.

ஊரைச் சொல்லலாம், மரத்தைச் சொல்ல வேண்டாம்

எல்லாவற்றையும் முழுதாகச் சொல்லச் சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆந்தை பகலில் அடையும் மரம், கூடு இருக்கும் இடம், பூனைப்பருந்துகள் இரவில் கூட்டமாகத் தங்கும் புல்வெளி, இவற்றைப் பலர் கேட்கும்படி சொல்லாதீர்கள். ஒருவரிடம் சொன்னது அன்று மாலைக்குள் பத்துப் பேரிடம் போகும். மறுநாள் காலை கேமராக்கள் வரிசையாக நிற்கும். கூட்டம் நெருங்கினால் ஆந்தை பகலில் இடம் மாறும், காக்கைகள் துரத்தும். வேட்டைக்காரர் காதுக்கும் அந்தச் செய்தி எட்டலாம். "எந்த எடமுங்க?" என்று நண்பர் கேட்டால் சங்கடப்பட வேண்டியதில்லை. "பேரூர்ப் பக்கமுங்க. எடம் மட்டும் வேண்டாமுங்க, தொந்தரவாயிரும்" என்று நேராகச் சொல்லிவிடலாம். நல்ல நண்பர் அதற்கு மேல் கேட்க மாட்டார். அதேபோல், பறவையை வெளியே வரவைக்கப் பதிவுசெய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுபவரைக் கண்டால் அங்கேயே, மரியாதையாக, நிறுத்தச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

குளத்துக்காரர்கள்

பறவை பார்ப்பவர்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்வது பெரிய இழப்பு. பரிசலில் மீன் பிடிப்பவர், கரையில் ஆடு மேய்ப்பவர், வாய்க்காலில் தண்ணீர் திருப்புபவர், இவர்கள் நாள்தோறும் அங்கே இருப்பவர்கள். நாம் வாரத்தில் ஒரு காலை வருகிறோம். "இந்த வருசம் சிறகி எறங்குச்சுங்களா?" என்று கேட்டால், "போன அமாவாசைக்கு அப்புறம் கெழக்கோரம் ஒரு கூட்டம் உக்காந்திருக்குதுங்க" என்று பதில் வரும். அமாவாசையை நாட்காட்டியில் பார்த்துத் தேதியாக்கிக்கொள்வது நம் வேலை. அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். பைனாகுலரை அவர்கள் கையில் கொடுங்கள். நீலச்சிறகி எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். சைபீரியா வரை நீளும் நிலப்பரப்பிலிருந்து வந்த பறவை தன் வலைக்குப் பக்கத்தில் மேய்கிறது என்று தெரிந்த மீனவரைவிட நல்ல காவலர் அந்தக் குளத்துக்குக் கிடைக்க மாட்டார்.

அன்றைக்கே எழுதுவது

பேசியதை அன்று இரவே எழுதிவிடுங்கள். நண்பர் சொன்னதை எழுதினால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், நீங்கள் கண்டதுபோல் எழுதாதீர்கள். ஈபேர்டில் பதிவதைப் பார்த்தவரே செய்யட்டும். அவருக்குக் கணக்கு இல்லை என்றால் ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கிக் கொடுங்கள். அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். தொடங்கி வைக்க அது ஏற்ற நாள்.

நவம்பர் நடுவில் இந்தப் பேச்சின் போக்கு மாறும். "வந்துருச்சுங்களா?" அடங்கி, "எத்தனைங்க இருக்குது?" என்ற கேள்வி எழும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரை அது தொடரும். அதன் பிறகு வலசைப் பேச்சே குறைந்துவிடும். மார்ச், ஏப்ரலில் பறவைகள் திரும்பிப் போகும்போது யாரும் "போயிருச்சுங்களா?" என்று கேட்பதில்லை. வந்த பறவை கண்ணில் படும், போன பறவை படாது. அதனால் கடைசியாகக் கண்ட தேதிகள் நம்மிடம் குறைவு. செப்டம்பரில் குறிப்பேட்டைத் திறக்கும்போதே, முதலில் கண்ட தேதிக்கு எதிரே இன்னொரு கட்டமும் போட்டு வையுங்கள். மார்ச் பிறந்ததும் கீச்சான் நின்ற அந்த மேக்காலக் கரைக்கு வாரம் இருமுறையாவது போய், இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். கடைசியாகக் கண்ட நாள் எது என்பது அதன் பிறகு இரண்டு மூன்று முறை போய்க் காணாமல் திரும்பியபோதுதான் உறுதியாகும்.